இருமாமல் ஒரு பந்தி

அடுப்படியை விட்டு வெளியே வந்துவிட்டேன். ரச வாளி கையில், இருமல் தொண்டையில். இரண்டையும் சிந்தாமல் இந்த வரிசையின் கடைசி இலைவரைக்கும் போய்விட வேண்டும், அப்புறம் எதிர் வரிசை, அப்புறம் பின்பக்கம் எச்சில் இலை கொட்டுகிற இடம். அங்கே நாய்களைத் தவிர யாரும் இல்லை, ஆசை தீர இருமிக்கொள்ளலாம். குனி, ஊற்று, நிமிர். வாயைத் திறக்காதே. மூக்கால் மட்டும் மூச்சு விடு. இது மிளகாய் இருமல்தான் சுகுணா, வேறொன்றும் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் டாக்டருக்கு இருமல் என்றால் இருமல். காலையில் மண்டபத்தின் பின்வாசலில் எங்களை வரிசையாக நிற்க வைத்து நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியைப் பிடித்தபடி சொன்னாரே, மாப்பிள்ளைக்கு அண்ணன், டாக்டர், "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்கள்ல ஒருத்தர் இருமுனாலும் மொத்தப் பேரும் வேன்ல ஏறிரணும். உள்ள வயசானவங்க இருக்காங்க." எங்கள் சூப்பர்வைசர் துரைசாமி, "ஆமாங்க சார், ஏறிருவோமுங்க சார்" என்று அப்போதே வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டவர் மாதிரி தலையாட்டினார். ஒருத்தர் இருமினால் மொத்தப் பேரும். மரகதக்கா, அப்பளம் போடுகிற தங்கராசு, அடுப்படியில் மாஸ்டர், தண்ணீர் ஊற்றுகிற பிள்ளைகள், எல்லோரும் என் தொண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவர்களுக்கு இன்றைக்குக் கூலி. இந்தக் கல்யாணம் நல்லபடி முடிந்தால் இவர்கள் சொந்தத்தில் ஆவணி முழுக்க வருகிற கல்யாணமெல்லாம் நம்ம கைதான் என்று துரைசாமி சொல்லியிருக்கிறார். ஆவணி முழுக்க. குனி, ஊற்று. கை காட்டுகிறார், போதும். அடுத்த இலை.

எவ்வளவு நாளாயிற்று இந்தச் சத்தம் கேட்டு. இலைமேல் தண்ணீர் தெளிக்கிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், வாளிக் காது கரண்டியில் இடிக்கிற சத்தம், "இங்க சாம்பார் வரல" என்று யாரோ ஒருத்தர் கோபித்துக்கொள்கிற சத்தம். அந்தக் கோபத்தைக்கூடக் கேட்டு எனக்குக் காலையிலிருந்து சந்தோஷம். வாருங்கள், கோபித்துக்கொள்ளுங்கள், ஓடி வருகிறேன். கல்யாணங்கள் நின்றுபோன பிறகு வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கரண்டி ஊற்றி ஊற்றி என் கை மறந்துபோய்விடும் என்று பயந்தேன். மறக்கவில்லை. வாளியைத் தூக்கியதும் இடுப்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்து கொடுத்தது, கால் தானாக வேகம் பிடித்தது. துரைசாமி போன் செய்து, "சுகுணா, சோலி வந்துருச்சு, பெரிய எடம், ஆனா முன்கூட்டியே வந்து மண்டபத்துலயே அடஞ்சு கெடக்கணும், வீட்டுக்குப் போக முடியாது" என்றபோது அவர் முடிக்கும் முன்பே வருகிறேன் என்றேன். அடைந்து கிடப்பதா, அடைந்துதானே கிடக்கிறோம். என் வீட்டுக்காரர் சென்னியப்பன்தான், "அவங்களுக்கு நம்மகிட்ட இருந்து தொத்திக்குமோன்னு பயம்னா, நமக்கு அவங்ககிட்ட இருந்து தொத்திக்காதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு இருமினார். அவர் எதைக் கேட்டாலும் பின்னால் ஒரு இருமல் வரும். அது தறியில் இத்தனை வருஷம் பஞ்சைச் சுவாசித்த இருமல், எங்கள் லைன் வீடு முழுக்க அந்த இருமலுக்குப் பழகியது. எனக்கு அது பக்கத்தில் கேட்டால்தான் தூக்கமே வரும். ஆனால் கொரோனா வந்த பிறகு அதே லைன் வீட்டில் அவர் இருமினால் கதவுகள் சாத்திக்கொண்டன. குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கொரோனா இல்லை, ஆனால் வந்துவிட்டால் இந்த நெஞ்சு தாங்காது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பார்த்துக்கொள்கிறேன். இதோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊற்று. ஒரு பெண்பிள்ளை உள்ளங்கையைக் குழித்து நீட்டுகிறாள், ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சப் போகிறாள். சின்னதாக, சுடாமல், கையோரமாக ஊற்றுகிறேன். அவள் கண்ணை மூடி உறிஞ்சுகிறாள். என் தொண்டையில் என்னமோ நகர்கிறது. விழுங்கு. எச்சிலை விழுங்கு. விழுங்கினால் கொஞ்சம் உள்ளே போகிறது, மறுபடி ஏறி வருகிறது.

அந்த பிளாஸ்டிக் தாளால் வந்த வினை. அடுப்படிக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் பெரிய திறப்பு இருந்தது, வழக்கமாக அந்த வழியாகத்தான் வாளிகள் போகும் வரும். நேற்று டாக்டர் வந்து அதை மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்துவிட்டார். "உங்க காத்து இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றார். ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி. அடுப்படிக் காற்றாடியையும் நிறுத்தச் சொன்னார், அது காற்றை எங்கே தள்ளும் என்று சொல்ல முடியாதாம். மாஸ்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க டாக்டரே, புகை எங்கீங்க போகும்?" டாக்டர் சிரித்தார். "சமாளிச்சுக்கங்க மாஸ்டர், ஒருநா தானே." அந்த ஒருநாள் இன்றைக்கு. ரசம் கொள்ளு ரசம், கொரோனாக் காலம், உடம்புக்கு நல்லது என்று பெண் வீட்டார் கேட்டு வாங்கியது. நாங்கள் வாளியை ஏந்திக்கொண்டு அண்டாவைச் சுற்றி நிற்கும்போது மாஸ்டர் தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் புகையப் புகைய ஒரு கை வரமிளகாயை அள்ளிப் போட்டார். போட்டதும் அது கறுத்து, நெடி கிளம்பி, போக வழி இல்லாமல் தாளில் போய் இடித்துத் திரும்பி எங்கள் முகத்துக்கே வந்தது. எனக்குக் கண் எரிந்தது, தொண்டையில் யாரோ விரலை விட்டுச் சொறிந்த மாதிரி இருந்தது. சுற்றிப் பார்த்தேன். ஒருத்தரும் இருமவில்லை. மரகதக்கா மோர்த் தூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கராசு அப்பளக் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். மாஸ்டர் அண்டாவைக் கிளறினார். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை, எனக்கு மட்டும். அப்போது ஆரம்பித்தது இந்த யோசனை. எல்லோரும் அதே நெடியைத்தானே சுவாசித்தார்கள், எனக்கு மட்டும் ஏன்? அப்படியென்றால் இது மிளகாய் இல்லையோ? மிளகாய்தான். மிளகாய் என்றால் அவர்களுக்கும் வர வேண்டும். அவர்கள் நெஞ்சு கெட்டி. உன் நெஞ்சு மட்டும் என்ன, இத்தனை வருஷம் தாளிப்புப் பக்கத்தில் நின்றதுதானே. இரண்டு நாளாக இந்த மண்டபத்துக் கீழ்த்தளத்தில் பாயைப் போட்டு எல்லோரும் சேர்ந்து படுத்தோம், யார் பக்கம் திரும்பிப் படுத்தேன்? காலையில் எழுந்தபோது முதுகு வலித்ததே, அது பாயினாலா? காப்பி கசந்ததே, அது காப்பியினாலா? நெற்றித் துப்பாக்கி என்னைப் பார்த்துப் பச்சை விளக்குதான் காட்டியது. அது காட்டிய பிறகு ஏறியிருக்கலாம். நிமிரு, நிமிரு, இலை தாண்டிப் போகிறது. "அம்மிணி, எனக்கு ஊத்தாம போற!" ஊற்றுகிறேன் சாமி, மன்னிக்கணும், கண்ணால் சொல்கிறேன், வாயால் சொல்ல முடியாது.

எனக்கு ஒரு பக்கம் பயமாகவும் இருக்கிறது, ஒரு பக்கம் விளையாட்டு மாதிரியும் இருக்கிறது. சின்ன வயதில் வாய்க்காலில் தண்ணீருக்குள் தலையை விட்டு யார் அதிக நேரம் இருப்பது என்று பந்தயம் கட்டுவோம், அப்போது காதில் கேட்குமே ஒரு இரைச்சல், அது இப்போது கேட்கிறது. பாதி வரிசை தாண்டிவிட்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, யாராவது பார்த்தால் கல்யாணப் பெண்ணை நினைத்து அழுகிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும். கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் வரலாம் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. நாம் அந்த ஐம்பதில் சேர்த்தியா என்று மரகதக்கா நேற்றுக் கேட்டதற்குத் துரைசாமி, "நீ எப்பக்கா மொய் எழுதுன?" என்றார். அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, சிரிப்பும் இருமலும் ஒரே கதவு வழியாகத்தான் வரும். முன்வாசலில் விருந்தாளிகளுக்குச் சந்தனமும் பன்னீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி ஒன்றுதான் இருந்தது, அது பின்வாசலில் இருந்தது. வரிசையில் யாருக்கும் மாஸ்க் இல்லை, சாப்பிடும்போது எப்படிப் போட முடியும், அது நியாயம். சிலர் தாடையில் மாட்டியிருக்கிறார்கள், சிலர் முழங்கையில் வளையல் மாதிரி. ஒருத்தர் இலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், அதன்மேல் ஒரு சோற்றுப் பருக்கை. பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருத்தர் வாயிலிருந்து பருப்பு தெறித்து அடுத்தவர் இலையில் விழுகிறது, இருவரும் சிரிக்கிறார்கள். நான் அவர்களுக்கு நடுவில் குனிகிறேன், அவர்கள் மூச்சு என் காதில் படுகிறது. இன்னும் கொஞ்ச தூரம். அதோ, வரிசையின் முக்கால்வாசியில் பட்டு வேட்டியும் மோதிரங்களுமாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர் பெண்ணுக்குப் பெரியப்பா, பெங்களூரிலிருந்து காரில் வந்தவர். அவர் வந்தபோது மேளக்காரர்களே எழுந்து நின்றார்கள். அவரைத் தாண்டிவிட்டால் பிள்ளைகள்தான், பிள்ளைகளுக்கு ரசம் வேண்டாம், வேகமாகப் போய்விடலாம்.

அவர் கையை நீட்டி வாளியைப் பிடித்துக்கொண்டார். "இது என்ன ரசம்மா?" நான் வாளியைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினேன். பார்த்தால் தெரியாதா. "என்ன ரசம்னு கேட்டேன்." வாயைத் திறக்காமல் மூக்காலேயே "கொள்ளு" என்றேன். "ஒண்ணும் காதுல விழல. அந்தத் துணியக் கீழ எறக்கிட்டுச் சொல்லு கண்ணு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பி மகனோ யாரோ, "சொல்லும்மா, பெரியப்பா கேக்கறாருல்ல" என்றான். வாளி அவர் கையில். அவர் விட்டால்தான் நான் போக முடியும். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினேன். வெளிக்காற்று தொண்டையில் பட்டதும் அது உள்ளே எழுந்து உட்கார்ந்தது. வேண்டாம், வேண்டாம், இப்போது வேண்டாம். "கொள்ளு ரசமுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி வாயை மூடிக்கொண்டேன். "அட, கொள்ளு ரசமா! நெஞ்சுச் சளிக்கு அதுக்கு மேல மருந்து ஏது, ஊத்து, நல்லா ஊத்து, மூணு நாளா நெஞ்சக் கட்டிக்கிட்டு..." சொல்லி முடிப்பதற்குள் இருமினார். குனிந்திருந்த என் முகத்துக்கு நேராக, கையை வைத்து மறைக்காமல், வயிற்றிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்து, ஒன்று, இன்னொன்று, நிறுத்தி நிதானமாக இன்னொன்று. எவ்வளவு சுகமான இருமல். கேட்கும்போதே என் நெஞ்சு ஆசையில் துடித்தது. பசித்தவன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருமினார். தம்பி மகன் அவர் முதுகைத் தடவி, "காருல ஏசிய ஃபுல்லா வெச்சுட்டு வந்தா இப்படித்தான் பெரியப்பா" என்றான். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு கரண்டி ஊற்றினேன், இன்னொரு கரண்டி ஊற்றினேன், ரசம் சோற்று அணையை உடைத்துக்கொண்டு ஓடியது. "பாத்து, பாத்து" என்றார், ஆனால் கோபிக்கவில்லை, நல்ல மனுஷன். வாளியை விட்டுவிட்டார். தாண்டிவிட்டேன். இல்லை, தாண்டவில்லை, ஒரு கையில் வாளி, ஒரு கையில் கரண்டி, மாஸ்க்கை மேலே ஏற்ற மூன்றாவது கை இல்லை, வாளியைக் கீழே வைக்க வேண்டும்.

அப்போது அவர் மறுபடி இருமினார், அந்த நேரம் பார்த்து டாக்டர் மாடியிலிருந்து இறங்கிக் கூடத்துக்குள் வந்தார். "யாரு?" என்றார். நாதஸ்வரம் மேலேதான் இருந்தது, கீழே அந்தக் குரல் நன்றாகக் கேட்டது. "யாரு இப்ப இருமுனது?" வரிசை முழுக்க அசைகிற கைகள் நின்றன. ஒருத்தரும் பெரியப்பாவைப் பார்க்கவில்லை. அவர் ஒரு வாய் சோற்றைப் போட்டுக்கொண்டு இலையைப் பார்த்து மென்றார். நின்றுகொண்டிருந்தது நான்தான். மாஸ்க் தாடையில் இருந்தது எனக்குத்தான். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது எனக்குத்தான். ஒவ்வொரு முகமாக என் பக்கம் திரும்பியது. தம்பி மகன், "பரிமாறுறவங்கள்ல யாரோ போலண்ணா" என்றான். பொய் சொல்கிற முகம்கூட இல்லை, அவனுக்கே அப்படித் தோன்றிவிட்டது போல. டாக்டர் என்னைப் பார்த்து நெருங்கி வந்து, பாதி தூரத்தில் நின்றுவிட்டார். துரைசாமி எங்கிருந்தோ ஓடி வந்தார். "சுகுணா! நீயா?" எனக்குள் சந்தோஷம் பொங்கியது, ஆமாம், சந்தோஷம்தான், ஏனென்றால் நான் இருமவில்லை, இத்தனை நேரம் இருமாமல் இருந்திருக்கிறேன், உலகத்தில் யாரும் இப்படி இருமாமல் இருந்திருக்க மாட்டார்கள், அதைத் தலை நிமிர்ந்து சொல்லலாம், சத்தமாகச் சொல்லலாம். தலையை ஆட்டினேன். "வாயத் தொறந்து சொல்லு புள்ள, நீயா இருமுன?" வாயைத் திறந்தேன். "நான் இல்லீ..." என்பதுவரை சொன்னேன்.

அது வந்துவிட்டது. வாளி எப்படிக் கீழே போனதென்று தெரியாது, கரண்டி எங்கே போனதென்று தெரியாது, இடுப்பை மடக்கி முழங்காலில் கையை ஊன்றி இருமினேன். முழங்கையை வாய்க்குக் கொண்டுபோனேன், அதற்கும் மேல் வந்தது. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. துரைசாமி, "போச்சு, போச்சு, போச்சு" என்பது கேட்டது. ஆவணி போச்சு. மரகதக்காவுக்குப் போச்சு, தங்கராசுக்குப் போச்சு, எல்லோருக்கும் நான் என்ன பதில் சொல்வேன். அப்படி நினைத்துக்கொண்டே இருமும்போது எதிர் வரிசையிலிருந்து இன்னொரு இருமல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மரகதக்கா மோர்த் தூக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்து இருமிக்கொண்டிருந்தாள். இருமலுக்கு நடுவில் என்னைப் பார்த்து, "முடியலடி, தாளிச்சப்பப் புடிச்சு முடியலடி" என்றாள். அவளுக்குப் பின்னால் தங்கராசு அப்பளக் கூடையைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் ஊற்றுகிற பிள்ளைகள். அப்புறம் பிளாஸ்டிக் தாளுக்கு அந்தப் பக்கம், அண்டாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு பெரிய இருமல், அது மாஸ்டர். மாஸ்டரே! எல்லோரும் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எல்லோரும் மற்றவர்களைப் பார்த்து, எனக்கு மட்டும்தான் என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மிளகாய்! மிளகாய்தான்! எனக்கு ஒன்றும் இல்லை, எனக்கு ஒரு வியாதியும் இல்லை. இருமிக்கொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருமினேன், மரகதக்காவும் சிரித்தாள். "மொளகா நெடிங்க சார், தாளிச்ச மொளகாங்க!" என்று தங்கராசு கத்தினான். டாக்டர் இரண்டு கையையும் தூக்கி, "எல்லாரும் பின்வாசல் வழியா வெளிய போங்க, வேன எடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தார். போகட்டும். வேனில் போகலாம், வீட்டுக்குப் போகலாம், சென்னியப்பனிடம் இதைச் சொன்னால் அந்த மனுஷன் எப்படிச் சிரிப்பார், சிரித்து எவ்வளவு நேரம் இருமுவார். இன்றைக்கு ராத்திரி அவர் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம், பயமே இல்லை, இது மிளகாய். அடுப்படியில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் வந்திருக்கிறது, மரகதக்கா நின்றாள், தங்கராசு நின்றான், மாஸ்டர் நின்றார், நான் நின்றேன். விருந்தாளிகள் இலையைப் பாதியில் விட்டு எழுந்து முன்வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவை இரண்டு பேர் தோளைப் பிடித்து என்னிடமிருந்து விலக்கிச் சுற்றி அழைத்துப் போனார்கள். வாசல்படியில் அவர் நின்று, குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீளமாக இருமினார். நான் சிரித்துக்கொண்டே அவரையும் மிளகாய்க் கணக்கில் சேர்க்கப் போனேன். அவர் அடுப்படிப் பக்கமே வரவில்லை.